தம்பியின் பெட்டியில் எடுத்த இரண்டு சீவல்

பெட்டியின் விளிம்பு வரை ஏரித் தண்ணீரை ஊற்றச் சொன்னார் ஒல்லாந்துக் கப்பலின் தலைமைத் தச்சர். ஒழுகாவிட்டால் பெட்டி செய்தவனுக்குக் கப்பலில் வேலை. ஒழுகினால் அவன் பழவேற்காட்டிலேயே கிடக்க வேண்டியதுதான். பெட்டி செய்தவன் என் தம்பி சிங்காரம். அது ஒழுக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றவன் நான்.

கோட்டைக்குப் பக்கத்துக் கொட்டகையில் துரைமாருக்கு மேசை, நாற்காலி, அலமாரி செய்வது எங்கள் பிழைப்பு. நைனாவும் அம்மாவும் போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். எனக்குக் கல்யாணமும் கூடிவரவில்லை. மரம் சீவும் பெரிய இழைப்புளியை நான் தள்ளுவேன். எதிரே உட்கார்ந்து அவன் கயிற்றால் இழுப்பான். பேச்சு அதிகம் இருக்காது. பேசாமலே எல்லாம் புரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது என் மண்டைக்கனம்.

கடல் தாண்டிய பத்தாவியாவுக்குத் தச்சர் தேவை என்று துரைமாரின் பேச்சைத் தமிழில் சொல்லும் கோட்டைத் துபாஷி வந்து சொன்ன அன்றே சிங்காரம் தேக்குப் பலகையை எடுத்துவிட்டான். பெட்டியின் அடிப்பலகைகளைக் கோக்க, ஒன்றின் ஓரத்தில் காடி என்கிற நீளப் பள்ளம். அடுத்ததில் அதற்குள் நுழையும் நாக்கு. காடிக்கு ஓர் இழைப்புளி, நாக்குக்கு வேறோர் இழைப்புளி. நாக்கு கையால் அழுத்தினால் நுழையக் கூடாது. கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினால் உட்கார வேண்டும். அவன் வேலை அப்படித்தான் இருந்தது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, என்னை விட்டுப் போய்விடுவானே என்று வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

அவன் சாப்பிடப் போன நேரத்தில் நடுப்பலகையின் நாக்கில் இரண்டே சீவல் எடுத்தேன். வெங்காயத் தோல் கனம்கூட இருக்காது. கீழே கிடந்த சீவல்களோடு அவற்றைக் காலால் கலந்துவிட்டேன்.

ஊற்றியதும் பெட்டி ஒழுகியது.

"இன்னா சிங்காரம், அடியில சொட்டுதே? துரை மூஞ்ச சுளிக்கிறாரு" என்றார் துபாஷி.

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. வெட்கமில்லாமல்தான் சொல்கிறேன். சிங்காரம் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

தண்ணீர் சுமந்து வந்த கோட்டைக்குப்பம் படகுக்காரர்தான் சிரித்தார். "கொஞ்சம் பொறுத்துப் பாருங்க சாமி. புதுப் படகுகூட மொதல்ல ஒழுவத்தான் செய்யும். மரம் தண்ணி குடிச்சா தானா அடைஞ்சிக்கும்னு துரைகிட்ட சொல்லுங்க."

கப்பல் தச்சருக்கு இது தெரியாதா? தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். உச்சி வெயிலுக்கு முன்பே சொட்டு நின்றுவிட்டது. படகுகளுக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்தும், ஈரம் படாத மேசை நாற்காலியே செய்து பழகிய எனக்கு அது தோன்றவில்லை. மறுநாள் பெட்டியோடு சிங்காரத்தைக் கப்பலுக்கு ஏற்றிச் செல்லப் படகு வந்தது.

படகில் ஏறி உட்கார்ந்த பிறகு கேட்டான். "நாக்குல கைவெச்சது நீதானண்ணா?"

"ஆமாண்டா."

"கோக்கும்போதே தெரிஞ்சிபோச்சு. கொட்டாப்புளியே இல்லாம உள்ள போச்சு. வேற பலக போட்டிருக்கலாம். போடல."

"ஏண்டா?"

"வாயத் தொறந்து போவாதடான்னு நீ ஒரு வார்த்த சொல்லுவியான்னு பார்த்துனு இருந்தேன். சொல்லியிருந்தா நின்னுருப்பேன்."

"இப்ப சொல்றேண்டா. போவாத."

"துரை என் பேர கப்பல் கணக்குல எழுதிக்கினாருண்ணா."

அதற்குப் பிறகு அவனிடமிருந்து தகவலே இல்லை. வந்து இறங்கும் கப்பல்காரர்களை எல்லாம் கேட்டு அலுத்துவிட்டேன். தனிமை என்னைத் தின்கிறது. பேச ஆளில்லாமல் மரத்தோடு பேசுகிறேன். கொட்டகைக்கு வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

இழைப்புளி பிடிக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அதிகமாகச் சீவிவிட்டால் வேறு பலகை போட்டுக்கொள்ளலாம். கூட இருப்பவனிடம் சொல்ல வேண்டியதை மட்டும் வாயைத் திறந்து, நேரத்தோடு சொல்லிவிடுங்கள். நான் சொன்னபோது படகுக்காரர் கயிற்றை அவிழ்த்துவிட்டிருந்தார்.