வெர்லீன் கொடுத்த வாக்கு

வெர்லீன் ஃபோன்டெனோ எங்கள் ஊர் ஸ்கூல் பஸ்ஸை இருபத்தாறு வருஷம் ஓட்டினாள். அவள் ஒன்பதாம் நம்பர் பஸ், நான் எட்டாம் நம்பர். சர்க்கரை ஆலை ஓடுகிற மாதங்களில் ஆற்றோர ரோட்டில் கரும்பு லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நான் ஹாரனை அமுக்கித் தள்ளுவேன். அவள் தொடவே மாட்டாள். "அமுக்கினா லாரி பறந்துடுமாடி ஓடீல்?" என்பாள். அந்தப் பொறுமையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

புருஷன் கடலில் எண்ணெய்த் தளத்து வேலைக்குப் போனவன், டெக்சாஸில் வேறு குடித்தனம் வைத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டான். இவளுக்கு ஒரே மகன், டெரில். பதினாறு வயதிலேயே ஆறடி நாலங்குலம். "வாசலை அடைச்சுக்கிட்டு நிக்காதடா, வெளிச்சம் வரட்டும்" என்று விரட்டுவாள். எங்கள் ஊர் ஃபுட்பால் கையால் பந்தை எறிந்து ஆடுவது; வெள்ளிக்கிழமை ஸ்கூல் ஆட்டத்தில் எதிர்ப்பக்கம் பந்து எறிகிறவனைத் துரத்திச் சாய்ப்பது அவன் வேலை. அவன் சாய்க்கிற ஒவ்வொரு தடவையும் ஊரே எழுந்து நிற்கும். வெர்லீன் மட்டும் உட்கார்ந்தபடி கண்ணை மூடிக்கொள்வாள்.

காலேஜ் படிப்புக்கு அவர்களிடம் இருந்த ஒரே வழி அந்த ஆட்டம்தான். யாராவது தானாக வந்து கண்டுபிடிப்பார்கள் என்று அவள் சும்மா இருக்கவில்லை. என் வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஆட்ட வீடியோவையும் மார்க் ஷீட்டையும் நாற்பத்தோரு காலேஜுக்கு அனுப்பினாள். கணக்கில் மார்க் குறைந்தால் ஆட்டமும் போச்சு என்று டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்றாள். முதலில் வந்தவர் வடக்கே ஒரு சின்னக் காலேஜின் கோச், ஹோலிஸ் என்று பேர். நாலரை மணி நேரம் கார் ஓட்டி ஏழு தடவை வந்தார். வெர்லீன் வைத்த கம்போக் குழம்பை ரெண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, "முழுப் படிப்பும் எங்க செலவு, மிஸ் வெர்லீன்" என்றார்.

ஜூன் மாதப் பயிற்சி முகாமில்தான் எல்லாம் மாறிப்போனது. பக்கத்து மாநிலத்துப் பெரிய யுனிவர்சிட்டியின் கோச் டெரில் தோளில் கைபோட்டு, "உனக்கு எங்ககிட்ட இடம் இருக்குப்பா" என்றாராம். இவனும் அங்கேயே சரியென்றுவிட்டான். அதெல்லாம் வெறும் வாய்ப்பேச்சுதான். டிசம்பரில் பிள்ளைகள் காலேஜ் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிற நாள் வந்து தாள் கைக்கு வரும்வரை ரெண்டு பக்கமும் யாரையும் எதுவும் கட்டுப்படுத்தாது. எங்கள் ஸ்கூல் கோச்சே தலைபாடாக அடித்துக்கொண்டார்: "மத்தவங்களை வெட்டி விட்டுடாதீங்க. ஃபோன் வந்தா சிரிச்சுப் பேசி வைங்க, போதும்."

வெர்லீனா கேட்பாள்! "ஒருத்தருக்குச் சரின்னு சொல்லிட்டு இன்னொருத்தரை எதுக்கு அலைய விடணும்?" என்று ஹோலிஸுக்கு ஃபோன் போட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "இனி வராதீங்க சார், வாக்குக் கொடுத்துட்டோம்" என்றாள். அதோடு விட்டாளா? "எங்க டீமுல அந்தக் கோடியில நிக்கிறானே ஜார்விஸ் நார்சிஸ், அவனை ஒரு கண்ணு பாருங்க. நல்ல பிள்ளை. அவன் வீட்டுக்கு யாருமே வரலை" என்றாள். ஜார்விஸ் ஆறு வயதிலிருந்து அவள் பஸ்ஸில் வருகிறவன்.

டிசம்பரில், கையெழுத்து நாளுக்குப் பத்து நாள் முன்னால், பெரிய யுனிவர்சிட்டி அந்தக் கோச்சை வேலையை விட்டு அனுப்பிவிட்டது. புதிதாக வந்தவருடைய ஆள் ஒருவன் டெரிலை ஃபோனில் கூப்பிட்டான். "சார் வேற மாதிரி ஆட்டக்காரங்களைத் தேடுறாரு, தப்பா எடுத்துக்காத." ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அன்று முழுக்க டெரில் சாப்பிடவில்லை. மற்றக் காலேஜுகளைக் கேட்டால் எல்லா இடமும் நிரம்பிவிட்டது என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வெர்லீன் என் காரில் உட்கார்ந்து ஹோலிஸுக்கு ஃபோன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டது நான்தான்.

அவர், "ஒரே இடம்தான் இருக்கு மிஸ் வெர்லீன். ஜார்விஸுக்குத் தரேன்னு சொல்லிட்டேன். ஆனா அவன் இன்னும் கையெழுத்துப் போடலை. உள்ளதைச் சொல்றேன், ரெண்டு பேர்ல டெரில்தான் கெட்டிக்காரன். நீங்க ம்னு சொன்னா போதும், அந்தப் பையன்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார்.

நான் அவள் தொடையைக் கிள்ளினேன். "சொல்லித் தொலையேன்டி!"

சர்ச் வாசலில் ஜார்விஸின் அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மகனுக்குக் காலேஜில் இடம் கிடைத்த கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். வெர்லீன் அவளையே பார்த்தாள்.

"அவனுக்குச் சொல்லிட்டீங்கல்ல சார், அவனுக்கே கொடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நான் கத்தின கத்தலில் கார் கண்ணாடி உடையாதது ஆச்சரியம். "அடிப் பாவி! உன் பிள்ளை வாழ்க்கைடி அது! நீ யாருடி தூக்கிக் கொடுக்க?"

"நமக்குச் செஞ்சதை இன்னொரு வீட்டுக்குச் செய்யச் சொல்றியா?"

"டெரிலைக் கேளு, அவன் சொல்லட்டும்."

"பதினேழு வயசுப் பிள்ளை தலையில இந்தப் பாரத்தை வைக்கவா? வேணாம். நீயும் வாயைத் திறக்கக் கூடாது, சத்தியம் பண்ணு."

பண்ணித் தொலைத்தேன்.

கையெழுத்து நாளில் ஸ்கூல் ஜிம்மில் மேஜை போட்டு, அதன்மேல் காலேஜ் தொப்பியை வைத்திருந்தார்கள். ஜார்விஸ் கையெழுத்துப் போட்டுத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டான். டெரில் வெள்ளைச் சட்டை போட்டு முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினான். ஜார்விஸின் அம்மா ஓடிவந்து வெர்லீனைக் கட்டிக்கொண்டு, "நீ சொல்லலேன்னா எங்க பக்கம் யாரு வந்திருப்பா" என்று அழுதாள். இவள் அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். எனக்குப் பார்க்க முடியவில்லை, வெளியே போய்விட்டேன்.

வீட்டுக்குப் போனதும் டெரில் கேட்டானாம், "ஹோலிஸ் சார்கிட்டயும் கேட்டியாம்மா?" என்று. "இடம் இல்லேன்னுட்டார்டா." எனக்குத் தெரிந்து அவள் சொன்ன ஒரே பொய்.

மிசிசிப்பியில் ஒரு ரெண்டு வருஷக் காலேஜில் ஆடிப் பார்த்தான். முதல் வருஷமே முழங்கால் போய்த் திரும்பி வந்தான். சர்க்கரை ஆலையில் சேர்ந்தான். ஆறு வருஷம் தாயும் மகனும் ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். ஃபுட்பால் பேச்சு வந்தாலே அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள்.

போன மார்ச்சில் மாரடைப்பு. பஸ்ஸை ஓரமாக நிறுத்திப் பிள்ளைகளையெல்லாம் இறக்கிவிட்டுத்தான் சாய்ந்தாள். சவப்பெட்டியை முன்னால் பிடித்தவர்கள் டெரிலும் ஜார்விஸும். ஜார்விஸ் இப்போது வடக்கே ஒரு ஸ்கூலில் கோச்.

அடக்கம் முடிந்து சர்ச் ஹாலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். டெரில் வந்து பக்கத்தில் நின்றான்.

"ஆன்ட்டி, ஒண்ணு கேக்கணும். என் ஆட்டத்தைப் பத்தி யாரு பேசினாலும் அம்மா எந்திரிச்சுப் போயிடுவாங்க. என்னால அவங்களுக்கு அவ்வளவு அவமானமா?"

ஐயோ! இத்தனை வருஷம் பிள்ளை இதையா சுமந்துகொண்டு திரிந்தான்! சத்தியமாவது ஒண்ணாவது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். காரில் பேசினது, ஹோலிஸ் சொன்னது, அவள் சொன்ன பதில், ஒன்று விடாமல்.

ஜார்விஸ் அந்தப் பக்கம் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். டெரில் அவனையே பார்த்தான்.

"அவனுக்கே கொடுங்கன்னுதான் நானும் சொல்லியிருப்பேன் ஆன்ட்டி" என்றான். அப்புறம் அந்தப் பெரிய உடம்பு குலுங்க ஆரம்பித்தது. "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"