மூன்றாம் நம்பர் கொட்டடி

“குனிஞ்சு வாங்க, தலை இடிக்கும். பெரிய பெரிய தியாகிங்களே குனிஞ்சுதான் வந்தாங்க!”

ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், எங்கள் தெரு ‘ஜெயிலர்’ விருந்தாளிகளை இப்படித்தான் தன் வீட்டுக்குள் அழைத்துப்போவார். டைல்ஸ் வியாபாரி. மூடிக்கிடந்த பழைய சிறையை ஏலத்தில் எடுத்து வீடாக்கிக்கொண்டவர். எப்போது வெளியே விடுவார்கள் என்று மனிதர்கள் ஏங்கிக் கிடந்த இடத்துக்குள் ஆசைப்பட்டுக் குடிபோன முதல் ஆள் அவர்தான்.

கம்பிக் கதவுகளுக்குத் தங்க நிறப் பெயிண்ட். சுவரில் கைதிகள் கிறுக்கிய கோடுகளுக்குக் கண்ணாடிச் சட்டம், மேலே குட்டி விளக்கு. எந்தக் கோட்டைக் காட்டினாலும் அதற்கொரு தியாகி வைத்திருப்பார். போன மாதம் நான்கு பேர். இந்த மாதம் பதினொன்று.

“அவங்கெல்லாம் ஒரு வருஷம், ரெண்டு வருஷத்துல போயிட்டாங்க. எனக்குத்தான் ஆயுள் தண்டனை” என்பார் காபித் தட்டோடு வரும் மனைவி.

சென்ற வாரம் தடியூன்றி ஒரு கிழவர் வந்தார். அங்கே வார்டராக இருந்தவராம். ஜெயிலருக்குத் தலைகால் புரியவில்லை.

“இங்க இருந்த தியாகிங்களைப் பத்தி நீங்களே சொல்லுங்கய்யா!”

“தியாகியா? கோழி திருடினவன், குடிச்சிட்டுக் கலாட்டா பண்ணினவன், அவ்வளவுதான் தம்பி.” கிழவர் அவர் முகத்தையே பார்த்தார். “உங்கப்பா தையக்காரரா? இடது கைப் பழக்கமா?”

“ஆமா, எப்படித் தெரியும்?”

“அதே மூக்கு! சைக்கிள் திருட்டு கேசு, ஆறு மாசம். எங்க காக்கியெல்லாம் அவர்தான் தச்சாரு. ‘கப்பல் வேலைக்குப் போயிருக்கேன்னு பையன்கிட்ட சொல்லி வச்சிருக்கு சார்’னு அழுவாரு. மூணாம் நம்பர் கொட்டடி. அது இப்ப எங்க?”

தன் அப்பா கப்பலில் போன கதையை ஜெயிலர் சொல்லிச் சொல்லி எங்கள் தெருவுக்கே மனப்பாடம்.

மூன்றாம் நம்பர்தான் விருந்தாளிகளுக்கான கழிப்பறை. கடையிலேயே விலை கூடிய டைல்ஸைப் பதித்தது அங்கேதான். மனைவிதான் கதவைத் திறந்து காட்டினார்.

கிழவர் எட்டிப் பார்த்தார். “நல்லா வெளிச்சமா ஆக்கிட்டீங்க.”

இந்த ஞாயிறு வந்த விருந்தாளி ஒருவர் அவசரமாக அந்தப் பக்கம் நடந்தார். ஜெயிலர் ஓடிப்போய்க் குறுக்கே நின்றார். “அது வேணாங்க, மாடிக்குப் போங்க.”

இனி யாரும் நுழையாதபடி கதவைச் சாத்தினார். வார்டரைப் போல வெளித்தாழ்ப்பாளைப் போடப்போன கை பாதியில் நின்றது. கதவை அகலத் திறந்து வைத்தார்.