டில்லிக்குத் தனி முகவரி

வியாசர்பாடி வாழ் கால்பந்து ரசிகப் பெருமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. அடியேன் செய்த நம் டீம் வெப்சைட்டில், இன்று முதல் ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் தனி முகவரி உண்டு.

கைதட்ட வேண்டாம். காரணத்தைக் கேளுங்கள்.

இதுவரை அங்கே இருந்தது ஒரே பக்கம்தான். யார் பெயரை அழுத்தினாலும் திரை மாறும், பிரவுசரில் மேலே தெரியும் லிங்க், அதாவது முகவரி, மாறாது. லோட் ஆகாமல் சட்டென்று மாறுகிறதே என்று ஏரியா முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

போன வாரம் எண்ணூர் கம்பெனி டீம் ஒன்றின் கோச் ஆட்டக்காரர்களின் விவரம் கேட்டார். டீமில் எடுத்தால் கம்பெனியில் வேலையும் உண்டு. நம் ஃபார்வர்ட் டில்லி, தன் கோல் வீடியோ இருக்கும் பக்கத்தைத் திறந்து, மேலே இருந்த முகவரியை அனுப்பினான். கோச்சுக்கு வந்ததோ முதல் பக்கம். அதில் நாக்கை நீட்டிக்கொண்டு நான். கீழே, ‘வடசென்னையின் சூறாவளி’.

இன்று செலக்‌ஷன் முடிந்தது. டில்லியைக் கூப்பிடவே இல்லை. பிரவுசிங் சென்டரில் என்னைப் பிடித்தான்.

“என் பக்கத்ததான மாமு அனுப்சேன்?”

“உனுக்குன்னு தனியா அட்ரஸே இல்ல மச்சி. தொறந்தா என் மூஞ்சிதான் வரும்.”

“உன் மூஞ்சிக்கு எவன்டா வேல குடுப்பான்?”

அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். எழுந்து போய்விட்டான்.

அங்கேயே உட்கார்ந்து முகவரிகளைப் பிரித்தேன். இப்போது டில்லியின் முகவரியை அடித்தால் நேராக டில்லிதான் வருகிறான். கோச்சுக்கும் அனுப்பினேன். ‘நல்லா ஆடுறான். முன்னாடியே அனுப்பியிருக்கலாமே’ என்று பதில் வந்தது.

நீங்களும் திறந்து பாருங்கள். என் மூஞ்சி வந்தால் சொல்லுங்கள்.

அப்புறம், அந்தச் சூறாவளி விஷயம். ஆட்டம் நடக்கும்போது நான் மைதானத்துக்குள் போனதெல்லாம் தண்ணீர் பாட்டில் கொடுக்கத்தான்.