கடைசி ஆள் ஏறும்வரை

வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்குக் கொடுத்த முதல் வேலை பஸ் ஓட்டுவது. திருப்பதியில் ஒரு லாட்ஜின் மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்குப் பிடித்து நடந்த கம்பெனி அது. கீழே மொட்டை போட்டுக்கொண்ட குடும்பங்கள் பெட்டியும் பையுமாக ஏறி இறங்கிக்கொண்டிருக்க, மேலே நாங்கள் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்துகொண்டிருந்தோம். அண்ணன் தன் நாற்காலியை எனக்குத் தள்ளிவிட்டு, "ஓட்டிக்கினு போ, பாக்கலாம்" என்றார். திரையில் புத்தூரிலிருந்து நகரிக்குப் போகிற சாலை. தூரத்தில் மலை, ஓரத்தில் மாந்தோப்பு, வெயிலில் காய்கிற வேர்க்கடலை. ஒரு நிறுத்தத்தில் கும்பல் நின்றது. நான் அதைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளிப் போய் நிறுத்தினேன். கும்பல் ஓடி வந்தது. எல்லாருக்கும் கடைசியாக, தலையில் கூடையை ஒரு கையால் பிடித்து, மறுகையால் புடவைக் கொசுவத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் வந்து ஏறினாள். அதன் பிறகுதான் கியர் விழுந்தது. அதில் எதுவும் எனக்கு வித்தியாசமாகப் படவில்லை. எங்கள் பக்கம் பஸ் அப்படித்தான் நிற்கும்.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. அலுவலகத்தில் மூத்த புரோகிராமர். மற்ற எல்லாரும் தெலுங்கு பேச, நாங்கள் இருவர் மட்டும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் என்பதால் வந்த உறவு அது. நான் நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். அவர் சத்தியவேடு பக்கத்தில் ஒரு காலனி. அவருடைய நைனா ஊரார் நிலத்தில் கூலி வேலை செய்தவர். அந்த வீட்டில் முதலில் காலேஜுக்குப் போனவர் அண்ணன்தான். பஸ் எப்படி ஓட வேண்டும், எந்த வளைவில் எவ்வளவு சாய வேண்டும், பிரேக் பிடித்தால் நிற்கிறவர்கள் எப்படி முன்னால் விழ வேண்டும் என்பதையெல்லாம் எழுதியவர் அவர். எழுதும்போது கண்ணை மூடிக்கொண்டு வளைவுக்கு வளைவு உடம்பைச் சாய்ப்பார். அப்படிச் சாய்ந்து ஒரு நாற்காலியின் காலையே உடைத்தார். அன்று முழுவதும் அவரை டிரைவர் என்றே கூப்பிட்டோம். அதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

முதலாளியை நாங்கள் சார் என்போம். சித்தூர்க்காரர். அமெரிக்காவில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, நம் ஊரிலிருந்தே உலகத்துக்கு ஏதாவது செய்து அனுப்பலாம் என்று திரும்பி வந்தவர். அவர் நினைத்தபடியே எங்கள் பஸ் இன்டர்நெட் வழியாக எங்கெங்கோ போயிற்று. போன இடத்தில் மாடர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். மாடர்கள் என்றால், ஒரு விளையாட்டை வாங்கி, அதைத் தங்களுக்குப் பிடித்தபடி மாற்றி, மற்றவர்களுக்கும் சும்மா கொடுக்கிறவர்கள். சம்பளம் கிடையாது, ஆசைதான். சித்தூர்ப் பிள்ளைகள் தங்கள் காலேஜ் பஸ்ஸின் பெயரையும் நிறத்தையும் கொண்டுவந்து ஒட்டினார்கள். எங்கேயோ குளிர்தேசத்தில் இருந்த ஒருவர் நகரிச் சாலையில் பனி பெய்ய வைத்தார். வெள்ளை வெளேரென்ற சாலையில் எங்கள் சனங்கள் வேட்டியும் நூல்புடவையுமாக பஸ்ஸைத் துரத்தி ஓடியதை அண்ணன் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துச் சிரித்தார்.

அந்தப் பனிக்காரர் போலந்து நாட்டவர். அவரே பிறகு மிகவும் பணிவாக இரண்டு குறைகளை எழுதி அனுப்பினார். ஒன்று, நிறுத்தத்தில் சரியாக நிறுத்தினால் யாரும் ஏறுவதில்லை, தாண்டி நிறுத்தினால்தான் ஓடி வந்து ஏறுகிறார்கள். இரண்டு, சில இடங்களில் கியர் மாட்டிக்கொள்கிறது, வெகுநேரம் பஸ் நகருவதில்லை. முதல் குறையைக் கேட்டு அலுவலகமே முழித்தது. தெலுங்கர், தமிழர், முதலாளி, தொழிலாளி என்று ஒருவர் பாக்கியில்லாமல் நாங்கள் எல்லாரும் அந்த விளையாட்டை ஆடிப் பார்த்திருந்தோம். பஸ் தாண்டி நிற்பது தப்பு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. "ஸ்டாப்பில் பஸ் எங்கேயாவது நிற்குமா?" என்று சார் தெலுங்கில் நிஜமாகவே சந்தேகம் கேட்டார். முதல் குறையை ஒரே நாளில் திருத்தினோம். அதற்குப் பிறகு விரும்பினவர்கள் நிறுத்தத்திலேயே நிறுத்தலாம், எங்களைப் போன்றவர்கள் தாண்டியும் நிறுத்தலாம். இரண்டாவதை, "அத வுடு, நான் பாத்துக்கறேன்" என்று அண்ணன் வாங்கிவைத்துக்கொண்டார். அவர் பார்க்கவே இல்லை.

இப்படி இருக்கையில் சாரின் மகளுக்கு அமெரிக்காவில் காலேஜில் இடம் கிடைத்தது. குடும்பத்தோடு திரும்பிப் போகிறேன், கம்பெனியை மூடிவிடலாம் என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். எங்களுக்கு வேறு வேலை கிடைக்கும், அது பெரிய கவலை இல்லை. பஸ் என்ன ஆகும் என்பதுதான் கவலை. கம்ப்யூட்டர்கள் வருடத்துக்கு வருடம் மாறுகிறவை. கூடவே யாராவது திருத்திக்கொண்டு வராவிட்டால், நன்றாக ஓடிய விளையாட்டு ஒரு நாள் திறக்கவே மாட்டேன் என்னும். செய்தி தெரிந்த மாடர்கள், சோர்ஸ் கோடை, அதாவது நீங்கள் எழுதின மூலத்தை, கொடுத்துவிடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று கேட்டார்கள். நாங்கள் விற்றது இட்லி, அவர்கள் கேட்டது மாவு. இட்லியை வாங்கினவர் அதன்மேல் பொடி தூவலாம், நெய் ஊற்றலாம். மறுபடி மாவாக்க முடியாது. பஸ்ஸின் நிறத்தை மாற்ற எங்கள் தயவு வேண்டாம், பஸ்ஸின் சுபாவத்தை மாற்ற அண்ணன் எழுதியது வேண்டும்.

சார், அண்ணனின் இஷ்டம் என்று சொல்லிவிட்டார். அண்ணன் முடியாது என்றார். நான் கொடுக்க வேண்டும் என்று நின்றேன். அந்த மாதம் முழுக்க எங்களுக்கு அதே பேச்சு. டீக்கடையில் பேச்சு, ரேணிகுண்டா போகிற ஆட்டோவில் பேச்சு. எவனாவது பெயரை மாற்றி விற்றுவிடுவான் என்பார் அண்ணன். விற்கக் கூடாது என்று நிபந்தனை போடலாம் என்பேன். "நிபந்தனைய படிச்சிட்டா திருடுவான்?" என்பார். காசு கொடுத்து வாங்கினவர்களுக்குத் தங்கள் பொருளைப் பழுதுபார்த்துக்கொள்ளும் உரிமை வேண்டாமா என்பேன். "செஞ்சவனுக்கு வேணாம்னு சொல்ற உரிமை மட்டும் இல்லியா?" என்பார். இன்றைக்கும் நான் கொடுப்பவர்கள் கட்சிதான். ஆனால் கொடுக்க மறுக்கிறவர்களை அற்பர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர் அற்பமாக எதையும் சொல்லவில்லை.

ஒரு மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டே மறுபடி ஆரம்பித்தேன். "துன்னுட்டு பேசலாம்மா" என்றார். துன்ன விடவில்லை நான். கையில் பிசைந்த சோற்றை டப்பாவிலேயே வைத்துவிட்டு அவர் சொன்னார்:

"எங்க காலனியாண்ட ஒரு ஸ்டாப்பு கீது. அங்க பஸ்ஸு என்னிக்கும் தாண்டிப் போய்தான் நிக்கும். எங்கம்மா பூக்கூடைய எடுத்துக்கினு ஓடியாருவாங்க. புத்தூர் மார்க்கெட்டுக்கு நேரத்துக்குப் போவணும். பாதி நாளு அவங்க கிட்ட வரசொல்ல பஸ்ஸு கெளம்பிடும். கண்டக்டர் பாத்துக்கினுதான் விசில் வுடுவான். பூவ எடுத்துக்கினு வூட்டுக்கு திரும்பி வருவாங்க."

எங்கள் ஊர் நிறுத்தத்திலும் பஸ் தாண்டித்தான் நிற்கும். நாங்களும் ஓடியிருக்கிறோம். ஆனால் எங்களுக்காக அது காத்திருக்கும். என் தாத்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆற அமர நடந்து வருகிறவரை டிரைவர் ஹாரன்கூட அடிக்க மாட்டார். எல்லாச் சாலையும் ஒன்று, எல்லா பஸ்ஸும் ஒன்று என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"அந்த கியரு மாட்டிக்கல" என்றார் அண்ணன். "கடைசி ஆளு ஏறாம வண்டி நகரக் கூடாதுன்னு எழுதிவெச்சிக்கிறேன். இந்த பஸ்ஸுல மட்டும் எங்கம்மாவ வுட்டுட்டுப் போவ முடியாது. கோட குடுத்தா, மொத வேலையா அதத்தான் எடுப்பாங்க."

ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "குடுக்கலன்னா கொஞ்ச நாள்ல பஸ்ஸே ஓடாதே அண்ணா. அப்புறம் அம்மா எதுல ஏறுவாங்க?" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு டப்பாவை இழுத்துக்கொண்டு சாப்பிடத் தொடங்கினார். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

அடுத்த வாரம் அவரே உட்கார்ந்து, காசு கொடுத்து வாங்கிய ஹாரன் சத்தங்களையும் இன்ஜின் சத்தங்களையும் எடுத்துவிட்டு, மிச்சத்தை, விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு, கொடுப்பதற்குத் தயார் செய்தார். மற்றவர்களின் பொருளை நாம் தானம் செய்யக் கூடாது இல்லையா. பஸ் காத்திருக்கிற பகுதிக்கு மேலே மட்டும் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் எழுதிவைத்தார். இங்கே பஸ் என் அம்மாவுக்காக நிற்கிறது, போகத்தான் வேண்டும் என்றால் போங்கள், கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள் என்பது அதன் அர்த்தம். எல்லாருக்கும் வெளியிடுகிற பட்டனை என்னையே அழுத்தச் சொன்னார்.

அவர் பயந்தபடியே நடந்தது. இரண்டு பேர் முதல் வேலையாகக் காத்திருப்பதை எடுத்துவிட்டார்கள். அந்தப் பஸ்ஸை அண்ணன் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார், மறு தடவை ஓட்டவில்லை. ஆனால் போலந்துக்காரர் வேறொன்று செய்தார். எங்கள் பஸ்ஸில் பக்கக் கண்ணாடி வெறும் சாம்பல் நிறச் சதுரம். அதில் பின்னால் வருவது தெரிய வைக்க எங்களுக்கு நேரம் போதவில்லை. அவர் அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு அந்தக் கண்ணாடியை நிஜக் கண்ணாடியாக்கினார். இப்போது டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால், கூடையோடு ஓடி வருகிறவள் சின்னதாகத் தெரிந்து பெரிதாகிக்கொண்டே வருவாள். எதற்காக நிற்கிறோம் என்று ஓட்டுகிறவருக்குத் தெரியும். கியர் மாட்டிக்கொள்கிறது என்று அதன் பிறகு யாரும் எழுதவில்லை. கொடுக்கலாமா கூடாதா என்று என்னைக் கேட்கிறவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை, அந்தக் கண்ணாடியைப் பற்றித்தான் சொல்கிறேன்.

கம்பெனி மூடிய பின் நான் சென்னைக்கு வந்துவிட்டேன். அண்ணன் ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்கிறார். வீட்டுக்குப் பக்கம், ஷிப்டு முடிந்தால் கம்பெனி பஸ்ஸே காலனிக்குள் கொண்டுவந்து இறக்கிவிடுகிறது என்று திருப்தியாகச் சொல்வார். அம்மா மார்க்கெட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டார். எங்கேயாவது போக வேண்டும் என்றால் ஷேர் ஆட்டோ வீட்டு வாசலுக்கே வருகிறதாம்.

போன மாதம் அமெரிக்காவிலிருந்து சார் போன் செய்தார். யாரோ எங்கள் பஸ்ஸை அப்படியே எடுத்து, பெயரையும் நிறத்தையும் மாற்றி, செல்போன் விளையாட்டாக விற்றுக்கொண்டிருக்கிறார்களாம். கொதித்துப்போயிருந்தார். வக்கீல் நோட்டீஸ் அனுப்பி அந்தக் கடையையே மூடவைக்கலாம், அண்ணன் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நேரில் போய்க் கேட்டு வா என்றார். நானும் கொதிப்போடுதான் போனேன். தொழிற்சாலை கேண்டீனில் சாப்பாட்டு நேரத்தில் அண்ணனைப் பிடித்து, என் போனில் அந்தத் திருட்டு பஸ்ஸைத் திறந்து கொடுத்தேன். எங்கள் பெயர்கள் ஒன்றுகூட இல்லை. நகரி என்ற பலகை இருந்த இடத்தில் ஏதோ வாய்க்கு வராத ஊர்ப்பெயர் இருந்தது. "நீங்க அன்னிக்கே சொன்னீங்க" என்றேன்.

அவர் விரலை வைத்து ஓட்டத் தொடங்கினார். பழக்கம் போகவில்லை, வளைவில் பெஞ்சோடு சேர்ந்து சாய்ந்தார். ஒரு நிறுத்தத்தில் கும்பல் நின்றது. தாண்டிப் போய் நிறுத்தினார். கும்பல் ஓடி வந்து ஏறியது. நான் கியரைப் போடுங்கள் என்றேன். போட்டுப் பார்த்தார், விழவில்லை. கண்ணாடியில் புள்ளியாக ஒருத்தி வந்துகொண்டிருந்தாள்.

"நம்ப பேர எல்லாம் எடுத்துட்டான்" என்றார் அண்ணன். "இத எதுக்கு வெச்சிக்கிதுன்னு தெரியல அவனுக்கு. எடுத்தா வண்டி நின்னுடப்போவுதுன்னு தொடாம வுட்டுக்கிறான்."

அவள் கூடையைப் பிடித்துக்கொண்டு படியில் கால் வைத்து ஏறும்வரை அவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு அதை என்னிடம் நீட்டி, "நோட்டீசு இன்னாத்துக்கு, வாணாம்னு சொல்லிடு" என்றார்.

"சார் காரணம் கேப்பாரே அண்ணா, என்ன சொல்லட்டும்?"

"எங்கம்மா ஏறிட்டாங்கன்னு சொல்லு."