பட்டைக்குத் தடவிய கொழுப்பு

வேனை நிறுத்தியதும் இமேதா அதன் அடியில் ஒரு அட்டையைத் தள்ளிவிடுவார். ஃபிரிட்ஜ் வந்த பெட்டியைப் பிரித்து விரித்த அட்டை. காலையில் முகம்கூடக் கழுவாமல் முற்றத்தில் மண்டியிட்டு அதை வெளியே இழுப்பார். வெளிச்சம் படும்படி சாய்த்துப் பிடிப்பார். கறுப்புச் சொட்டு என்றால் எஞ்சின் ஆயில், பச்சை என்றால் ரேடியேட்டர் தண்ணீர். எதுவென்று தெரியாத சொட்டை விரலால் தொட்டு, பெருவிரலோடு சேர்த்துத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோவார். அவர் முகத்தைப் பார்த்துத்தான் மனைவி நனூலி தேநீருக்கு அடுப்பு மூட்டுவாள். சொட்டே இல்லாத காலைகளில்தான் அவருக்குக் கவலை.

"ஒழுகலேன்னா உள்ள ஒண்ணுமே இல்லேன்னு அர்த்தம்," என்பார்.

ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்த வேன் அது. கப்பலில் வந்தது, ஸ்டீரிங் வலப்பக்கம். மேலே மலைநாடான துஷேத்திக்குப் போகும் அபானோ கணவாய்ப் பாதையில் பள்ளம் வலப்பக்கம் வரும்போது விளிம்பு ஓட்டுகிறவர் கண்ணுக்கு நேரே தெரியும். மற்றவர்கள் குறையாகச் சொன்ன அதையே இமேதா விரும்பினார். முன் இருக்கையைத் தூக்கினால்தான் எஞ்சின். அதனால் குளிர்காலம் முழுக்க அந்த இருக்கைகள் சமையலறையில் கிடக்கும். அதில் உட்கார்ந்துதான் நனூலி பீன்ஸ் உரிப்பாள். பார்க்க வருகிறவர்களையும் அதில்தான் உட்காரச் சொல்வாள்.

வேன் வரும் முன்பு அவர் ஆல்வானி பள்ளியில் உடற்பயிற்சி வாத்தியார். விசில் ஊதுவதைத் தவிர எந்தக் கருவியும் பழக்கமில்லை. முதல் வருடம் வேனைத் தெலாவி நகரத்துப் பட்டறை ஒன்றில் விட்டார். திரும்பி வந்த வேனில் இரண்டு போல்ட்டுகள் குறைந்திருந்தன. அதற்குப் பிறகு யார் கையிலும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு பாகமும் கெட்டுப்போய், கெட்டுப்போய்த்தான் அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது.

பாதை திறந்திருப்பது கோடையில் மட்டும். குளிருக்குக் கீழே ஆல்வானியில் தங்கும் துஷேத்திக்காரர்களை அந்த மாதங்களில் மேலே ஏற்றி இறக்கினால்தான் அந்த வீட்டில் வருடம் ஓடும்.

அந்த மே மாதம் பின்பக்கம் அச்சின் மேல் அடுக்கியிருக்கும் ஸ்பிரிங் பட்டைகள் கீச்சிட ஆரம்பித்தன. சிறு குழியில் இறங்கினாலும் சத்தம்.

"இந்தச் சத்தத்தோட மேல போனா, ஏதோ கூப்பிடுதுன்னு ஆடெல்லாம் பின்னாடியே வந்துரும்யா," என்றாள் நனூலி.

"கிரீஸ் தீந்துபோச்சு. தெலாவிக்குப் போனாத்தான்."

"ஷெட்டுல ஆட்டுக் கொழுப்பு ஒரு பாட்டில் இருக்கு பாரு. அதத் தடவு."

அவர் ஷெட்டுக்குப் போனார். அலமாரியில் கைக்கு முதலில் பட்ட வெள்ளைப் பாட்டிலை எடுத்து வந்தார். ஜாக்கி வைத்துத் தூக்கி, பட்டைகளை நெம்புகோலால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, இடுக்குகளில் பூசினார். பாட்டில் காலியானது. சத்தம் நின்றது.

மறுநாள் காலை வேனுக்கு அடியிலிருந்து இரண்டு வால்கள் நீட்டிக்கொண்டு ஆடின. அடுத்த வீட்டு பாத்தோவின் ஆட்டுக்கிடை நாய்கள் பட்டையை நக்கிக்கொண்டிருந்தன. பின்னாலேயே பாத்தோ வந்தார்.

அந்த வருடம் மேலே திருவிழாவை நடத்தும் பொறுப்பு பாத்தோவுடையது. சாமிக்குப் படைக்கும் பீரை அவர்தான் காய்ச்ச வேண்டும். அதற்கான பார்லி மூட்டைகள் இமேதாவின் வேனில் போவதாகப் பேச்சு. பாத்தோ எதில் ஏறுகிறாரோ அதில்தான் தெருவே ஏறும்.

"என்னத்தப்பா தடவின?"

"ஆட்டுக் கொழுப்பு."

"ஆட்டுக் கொழுப்ப என் நாய்ங்க திரும்பிக்கூடப் பாக்காது. அதத் தின்னு தின்னு சலிச்சதுங்க." பாத்தோ குனிந்து விரலால் தொட்டு முகர்ந்தார். நிமிர நேரமானது. "இமேதா, இது பன்னி."

நனூலி ஷெட்டுக்கு ஓடினாள். ஆட்டுக் கொழுப்புப் பாட்டில் அலமாரியின் மூலையில் நிறைய இருந்தது. இமேதா எடுத்துப் போனது, இருமலுக்கு நெஞ்சில் பூசச் சொல்லி அவள் அக்காவின் மருமகள் கொடுத்துவிட்டுப் போன பன்றிக் கொழுப்பு. துஷேத்தியின் சாமிகளுக்குப் பன்றி ஆகாது, அங்கே போகும் நாள் நெருங்குகிறதே, வீட்டுக்குள் பன்றி இருக்கக்கூடாதே என்று போன வாரம்தான் சமையலறையைச் சுத்தம் செய்து அதை ஷெட்டுக்குக் கொண்டுபோனாள். கொண்டுபோய் வைத்ததையே அவள் மறந்துபோயிருந்தாள்.

அவள் திரும்பி வந்தபோது இருவரும் வேனுக்கு இரு பக்கமும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இதுலயா என் பார்லிய ஏத்தச் சொல்ற?"

"பார்லி மேல இருக்கும், பட்டை கீழ இருக்கும். நடுவுல தகரம் இருக்குல்ல?"

"தகரத்துக்கு என்ன தெரியும்?"

"உன் நாக்குக்கு ரொம்பத் தெரியுமோ? போன வாரம் கல்யாணத்துல பன்னி வறுவல்ல முதல் துண்டு எடுத்தது யாரு?"

"அது கீழ. இது மேல. கீழ தின்னத நான் கீழயே விட்டுட்டுப் போவேன். நீ அத அச்சுல கட்டிக்கிட்டுல்ல வர்ற!"

பன்றியோடு கணவாய் ஏறினால் வண்டி உருளும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது. எந்த வருடமோ ஒரு ஜீப் உருண்டபோது பள்ளத்தில் சிதறிக் கிடந்த சாமான்களில் பன்றித் தொத்திறைச்சி இருந்ததாம். அதற்கு முன் விடாமல் மழை பெய்து பாதை கரைந்திருந்ததை யாரும் சொல்வதில்லை.

மதியத்துக்குள் நனூலியின் போன் அடிக்க ஆரம்பித்தது. "மதினி, எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல, அடுத்த வாரம் பாத்துக்கறோம்." "மதினி, மாமியாருக்கு முட்டி வலி." ஒருத்தரும் பன்றி என்ற சொல்லை எடுக்கவில்லை.

"ஒரு ஆளும் மிச்சமில்ல," என்றாள் அவள்.

இமேதா ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

சக்கரங்களைக் கழற்றி, கட்டைகள் மேல் வேனை நிறுத்தி, பட்டைகளை அச்சோடு பிடித்திருந்த துருப்பிடித்த யூ போல்ட்டுகளை டீசல் விட்டு ஊறவைத்து, இரண்டு பக்கப் பட்டை அடுக்கையும் இறக்கினார். நடு போல்ட்டை எடுத்ததும் பட்டைகள் தனித்தனியே பிரிந்தன. புல்லில் நீளமானது முதல் குட்டையானது வரை வரிசையாகக் கிடந்தன. வேலியோரம் வந்து நின்ற பாத்தோ சொன்னார்:

"கழுவினாப் போகாது. தீயில காட்டு. தீயில காட்டினா நான் ஏறுறேன்."

இமேதா கையிலிருந்த பட்டையைக் கீழே வைத்தார். நனூலி அவர் வாயையே பார்த்தாள். சரி என்ற ஒரு சொல்லில் எல்லாம் முடிந்துவிடும்.

"தீயில காட்டினா இரும்பு இளகிப்போயிடும் பாத்தோ. வளைஞ்சா திரும்பாது. ஆளும் மூட்டையும் ஏத்திக்கிட்டு வளைவுல திரும்புறப்ப ஒரு பக்கம் உக்காந்துரும். அப்ப பன்னி வேண்டியதில்ல, நாமளே உருண்டுருவோம்."

"சுத்தமில்லாத பட்டை கெட்டியா இருந்து என்ன?"

"செத்துப்போன சுத்தக்காரன்தான் உனக்கு வேணுமா?"

பாத்தோ போய்விட்டார். நனூலிக்கு அழுகை வந்தது. ஆனால் அவள் கம்பளி அலசும் அண்டாவை அடுப்பில் ஏற்றிச் சாம்பல் தண்ணீர் காய்ச்சினாள். இமேதா டீசலில் தேய்த்துக் கொடுக்க, அவள் சாம்பல் தண்ணீரில் தேய்த்தாள். கழுவ வேண்டாத இடத்தையும் கழுவினார்கள். வேனின் அடித்தகரம், அச்சு, ஜாக்கி, நெம்புகோல். கடைசியில் பட்டைகள் சாம்பல் நிறத்தில் மொட்டையாகக் கிடந்தன. அவள் விரல்கள் வெடித்துப்போயிருந்தன.

சாயங்காலம் பாத்தோ கூப்பிடாமலே வந்தார். மண்டியிட்டு ஒவ்வொரு பட்டையாக எடுத்து முகர்ந்தார்.

"டீசல் நாத்தம்தான் வருது."

"வேற என்ன வரணும்?"

பாத்தோ சட்டைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். "என் செம்மறிக் கிடா வால் கொழுப்பு. இதப் பூசு."

"புது கிரீஸ் சொல்லி அனுப்பியிருக்கேன்."

"கிரீஸ எதுல செய்றான்னு உனக்குத் தெரியுமா?"

இமேதாவுக்குத் தெரியாது. பொட்டலத்தை வாங்கிக்கொண்டார்.

"அப்ப ஏறுவீங்களாண்ணே?" நனூலி கேட்டாள்.

"ஏறுறேன்னு யாரு சொன்னா? நாளன்னிக்குக் காலையில சொல்றேன்."

மறுநாள் இமேதா பாத்தோ கொடுத்த கொழுப்பைப் பூசிப் பட்டைகளை ஏற்றி முறுக்கினார். பழைய யூ போல்ட்டுகளை நம்ப முடியாது, தெலாவியில் புதியது வாங்கி வருகிறேன் என்று வேனை எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம்தான் வந்தார். கண்ணாடி தெரியாத அளவுக்கு வேனில் புழுதி. நனூலி கேட்கவில்லை. கேட்டால் கோபப்படுகிற முகமாக அது இருந்தது. வைத்த பாலாடைக்கட்டி ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்தார்.

சொன்ன நாள் காலையில் அவள் வாசலில் நின்றாள். பாத்தோ பார்லி மூட்டையைத் தோளில் சுமந்து வந்தார். வேனுக்குள் அடுக்கினார். திரும்பிப் போய் அடுத்த மூட்டையைக் கொண்டுவந்தார். எல்லாம் ஏறியதும் இமேதாவுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்தினார். அதற்காகவே காத்திருந்ததுபோல் வேலிகளுக்குப் பின்னாலிருந்து பைகளோடு ஆட்கள் வந்தார்கள். முட்டி வலி மாமியார்தான் முதலில் ஏறினாள். நனூலிக்கு மூட்டை மேல்தான் இடம் கிடைத்தது.

முதல் வளைவுகளில் எல்லோரும் பள்ளத்தையே பார்த்தார்கள். சிலுவை போட்டுக்கொண்ட கைகள் மடியில் கிடந்தன. பாதி மலை ஏறியதும் பாத்தோதான் வாயைத் திறந்தார்.

"சத்தமே இல்லாம ஏறுதே. அதான்யா பயமா இருக்கு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கணவாய் உச்சியில் இறங்கி ரொட்டியைப் பிய்த்துப் பகிர்ந்துகொண்டபோது பாத்தோ முதல் துண்டை இமேதாவிடம் நீட்டினார். அந்தக் கோடை முழுக்க வேனில் ஒரு இருக்கையும் காலியாகப் போகவில்லை.

பனி விழுந்து பாதை மூடிய பிறகு, மேலே மண்சரிவு தள்ளும் புல்டோசர்காரர் ஷாக்ரோ ஆல்வானிக்கு இறங்கி வந்தார். அவர் வேறு எதையோ சொல்லிக்கொண்டே வந்தபோதுதான் நனூலிக்கு அது தெரிந்தது. போல்ட்டு வாங்கப் போவதாக இமேதா சொல்லிவிட்டுப் போன அன்று அவர் தெலாவி பக்கமே போகவில்லை. மதியவாக்கில் கணவாய் உச்சிக்கு வந்திருக்கிறார், தன்னந்தனியாக. பின் இருக்கைகள் எல்லாவற்றிலும் ஆட்களை உட்காரவைத்ததுபோல் ஆற்றுமணல் மூட்டைகள். என்ன இது என்று ஷாக்ரோ கேட்டதற்கு, "எடை தாங்குதான்னு பாக்குறேன்" என்றாராம். பாதையில் மழை அரித்த ஒரு குழியில் மணலைக் கொட்டி, காலால் மிதித்துச் சமப்படுத்தி, சாக்குகளை மடித்து எடுத்துக்கொண்டு இறங்கிப் போயிருக்கிறார்.