அரைச்சுரத் தகராறு

செல்லோ வாசிக்கும் ஒரு மனிதர், சொந்த அக்காவின் பணி ஓய்வு விழாவில் வேண்டுமென்றே சுருதி பிசகி வாசித்து, நிறைந்த சபையில் அக்காவை அவமானப்படுத்தினார் என்று ஒரு வதந்தி உண்டு. சொல்கிற அத்தனை பேரும் அன்று அங்கே இருந்ததாகச் சத்தியம் செய்கிறார்கள். எல்லோரையும் கூட்டிப் பார்த்தால் விழா நடந்த பள்ளிக்கூட அரங்கு கொள்ளாது. விசாரித்ததில் கிடைத்தது வேறு கதை. வதந்தியே தேவலை என்று தோன்ற வைக்கிற கதை.

சக வாத்தியக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் குடலார். பெரிய இசைக்குழுவில் மாதச் சம்பளத்தோடு சௌக்கியமாக உட்கார்ந்திருந்தவர், முப்பத்திரண்டு வயதில் ஏதோ ஒரு பழைய புத்தகத்தைப் படித்துத் தொலைத்தார். இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய இசையை அந்தக் காலத்தில் வாசித்தபடியேதான் வாசிக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார். எஃகுத் தந்திகள் போய் ஆட்டுக்குடலில் திரித்த நரம்புகள் வந்தன. செல்லோவைத் தரையில் ஊன்றுகிற இரும்புக் கம்பியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, வாத்தியத்தைக் கெண்டைக்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டார். சுருதியையும் அரைச்சுரம் இறக்கினார். அந்தக் காலத்தில் அப்படித்தானாம்.

மழை பெய்தால் குடல் தளரும், வெயில் அடித்தால் அறுந்துபோகும். அவர் சுருதி சேர்த்து முடித்ததும் கச்சேரி முடிந்தது என்று கைதட்டிவிட்டு எழுந்து போனவர்கள் உண்டு. இரண்டு இசைத்தட்டுகள் வந்தன. விமர்சகர்கள் "நேர்மையான வாசிப்பு" என்று எழுதினார்கள். அந்தச் சொல்லை அவர்கள் எப்போது வெளியே எடுப்பார்கள் என்பது ஊரறிந்த விஷயம்.

அக்கா பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியை. சிறு வயதில் அவள் பியானோவும் இவர் செல்லோவுமாக ஒரு மெதுவான பாட்டை வாசிப்பார்கள். ஐந்து நிமிஷப் பாட்டு. வீட்டுக்கு யார் வந்தாலும் அதைக் கேட்காமல் தப்பிக்க முடியாது. சுருதியை இறக்கியபின் அவர் அதை விட்டுவிட்டார். அக்கா ஒருமுறை கேட்டே விட்டாள்.

"ஏன்டா, என்கூட வாசிக்கவே மாட்டியா?"

"உன் பியானோ வேற சுருதி, அக்கா. நான் ஏத்தினா நரம்பு தாங்காது."

"நரம்பு தாங்காதா, உன் கௌரவம் தாங்காதா?"

அவர் பதில் சொல்லவில்லை. இருபது வருடம் சொல்லவில்லை.

பிறகு அக்கா ஓய்வு பெறும் நாள் வந்தது. "ஒரே ஒரு பாட்டு. ஒத்திகையெல்லாம் வேண்டாம், நமக்குத் தூக்கத்துல கூட வருமே" என்றாள். அவர் ஒப்புக்கொண்டார். அந்தப் பழைய புத்தகத்தை மறுபடி புரட்டியபோதுதான் ஒரு பக்கம் கண்ணில் பட்டது. அந்தக் காலத்து வாத்தியக்காரர்கள், போகிற ஊரில் என்ன சுருதி இருக்கிறதோ அதற்கே இறங்கியும் ஏறியும் வாசித்தார்களாம். அந்தப் பக்கத்தை அவர் முன்பும் படித்திருந்தார். வசதியாகத் தாண்டிப் போயிருந்தார்.

விழா அன்று, பந்தும் பாயும் அடைத்த சாமான் அறையில் உட்கார்ந்து, சுருதி பார்க்கும் இசைக்கவையைத் தட்டித் தட்டி, அக்காவின் பியானோ சுருதிக்கு நரம்புகளை முறுக்கினார். யாரிடமும் சொல்லவில்லை. மேடையில் அவளே கண்டுபிடித்து ஆச்சரியப்பட வேண்டும் என்று ஆசை.

பாட்டு ஆரம்பித்தது. ஒரே வீட்டில் இரண்டு ரேடியோ பாடியது போல இருந்தது. முக்கால் நிமிஷம் இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார்கள். பிறகு அவர் விரல்களை அரைச்சுரம் கீழே நகர்த்தினார். அதே நொடியில் அக்கா அரைச்சுரம் மேலே போனாள். தகராறு அப்படியே இருந்தது, கட்சி மட்டும் மாறியிருந்தது. அப்போது மேல் நரம்பு பட்டென்று அறுந்தது.

"அந்தக் காலத்து முறைன்னு நினைக்கிறேன்" என்றபடி தலைமையாசிரியர் கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள்.

அக்கா தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தாள். 'வேண்டுமென்றே என்னைக் கேலி செய்துவிட்டாள்' என்று அவர் நினைத்தார். அவளும் ஏதோ நினைத்தாள். ஆறு வருடம் பேச்சில்லை.

சென்ற மாரியில் அத்தான் வந்தார், கையில் ஒரு பழைய இசைப் புத்தக அட்டையோடு.

"அக்காவுக்கு வலது கை விழுந்துடுச்சு மாப்பிள்ளை. பியானோவைக் குடுத்துட்டோம். இதை உங்ககிட்ட சேர்க்கச் சொன்னா."

அட்டைக்குள் இருந்தது அச்சுப் பாட்டு இல்லை. ஒன்பது பக்கம், கைப்பட எழுதியது. பியானோ பாகம் முழுவதும் அரைச்சுரம் இறக்கி எழுதப்பட்டிருந்தது. தம்பியின் குடல் நரம்புகளுக்குத் தோதாக. முதல் பக்க மூலையில் விழாவுக்கு மூன்று வாரம் முந்தைய தேதி.

அவர் அத்தானுக்குத் தண்ணீர் கொடுக்கவும் மறந்து, போனைத் தேடினார்.

"அக்கா, நீ இறக்கியிருந்தியா?"

"அப்போ நீ ஏத்தியிருந்தியாடா, மடையா?"

அவள்தான் முதலில் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்தாறு வருடத்தில் என்றைக்காவது பேச்சுவாக்கில் "எந்தச் சுருதி, அக்கா?" என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும். அவர் கேட்டதெல்லாம் செத்துப்போனவர்களின் சுருதியைத்தான்.

"முக்கால் நிமிஷம் வாசிச்சோம். மிச்சம் நாலேகால் பாக்கி வச்சிருக்கே, ஞாபகம் இருக்கட்டும்" என்றாள் அக்கா.

"உன் கை..."

"இடது கை சும்மாதானே கிடக்கு? அதுக்கு ஏத்த மாதிரி எழுதிக் குடு. பக்கத்து வீட்டுல பியானோ இருக்கு."

சுரம் எழுதக் கோடு போட்ட தாள் அன்றே வாங்கிவிட்டார். நாலு மாதமாகிறது. "உன் சுருதியிலயே எழுதறேன்க்கா" என்கிறார் இவர். "வேண்டாம், உன்னோடதுல எழுது, நரம்பு அறுந்துடும்" என்கிறாள் அவள். வாரம் தவறாமல் போனில் இதே சண்டை. அவள் குரல் மட்டும் வாரத்துக்கு வாரம் சீக்கிரமாகக் களைத்துப்போகிறது.

தாளில் இதுவரை ஒரு சுரம் விழவில்லை.