இளஞ்சிவப்புக் குழாய்கள்

ஆய்வுக்கூடத்தில் சேருவதற்கு முன் அல்போன்சம்மாள் பன்னிரண்டு ஆண்டுகள் மருத்துவமனையில் நோயாளிகளுக்கு இரத்தம் எடுத்தவர். சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுனில் உள்ள வீட்டிலிருந்து கிளம்பி, காலை ஏழரைக்கெல்லாம் வேலையைத் தொடங்கிவிடுவார்.

அவருடைய குழு மைக்ரோஆர்என்ஏவை ஆராய்ந்தது. எந்த மரபணு எவ்வளவு வேலை செய்யலாம் என்று செல்லுக்குள் கட்டுப்படுத்தும் மிகச் சிறிய ஆர்என்ஏ துணுக்கு அது. சிலவற்றின் அளவு மாறினால், புற்றுநோய்ச் செல் இடத்தைவிட்டுக் கிளம்பி நுரையீரலிலோ எலும்பிலோ போய்த் தங்குகிறது. அந்த மாற்றம் இரத்தத்தில் தெரிந்தால் நோய் பரவுவதைச் சீக்கிரமே கண்டுபிடிக்கலாம்.

மார்ச்சில் முடிவு வந்தது. மார்பகப் புற்றுநோய் பரவிய பெண்களின் இரத்தத்தில், பரவாதவர்களைவிட மூன்று மைக்ரோஆர்என்ஏக்கள் எகிறியிருந்தன. குழுத்தலைவர் டாக்டர் ரவூப் கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டார். அல்போன்சம்மாளுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. அந்தப் பெண்களின் இரத்தத்திலிருந்து அணுக்களை நீக்கிப் பிரித்த பிளாஸ்மா இருந்த குழாய்களை ஃப்ரீசரிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெளிர்மஞ்சளாக இருக்க வேண்டியவை, பாதிக்குமேல் இளஞ்சிவப்பாக இருந்தன.

நேரே ரவூப்பிடம் போனார்.

"டாக்டர், சிவப்பணு உடைஞ்சிருக்கு. அதுக்குள்ள இருந்த மைக்ரோஆர்என்ஏ வெளிய கொட்டிருச்சு. நாம அதைத்தான் அளந்திருக்கோம்."

"எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே எடுத்தாங்க, அக்கா?"

"நோய் பரவினவங்களுக்குத்தான் கீமோ அதிகம். கீமோ போட்ட கை லேசுல நரம்பு கொடுக்காது. மெல்லிசு ஊசிய போட்டு வேகமா இழுத்தா இரத்தம் உடைஞ்சிரும். நான் எத்தனை கை பார்த்திருக்கேன்."

ரவூப் குழாய்களை வாங்கி ஒவ்வொன்றாகத் திருப்பினார். "அப்ப பேப்பர் இந்த வருஷம் இல்ல லா."

"பரவாயில்ல. தப்பா வந்தா, அதை நம்பி யாராவது தேவையில்லாத மருந்தைச் சாப்பிடுவாங்க."

மறுபடி இரத்தம் கொடுக்க இசைந்தவர்களுக்கு அல்போன்சம்மாளே எடுத்தார். முதலில் வந்தவர் ஜாலான் புசாரில் தையல்கடை வைத்திருக்கும் சம்சுன்னிசா.

"போன தடவ நாலு எடத்துல குத்தினாங்க," என்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"நான் ஒரு தடவதான் குத்துவேன். அவசரமே இல்ல, உக்காருங்க."

வெந்நீர்த் துணியைக் கையில் சுற்றிக் கால்மணி நேரம் தையலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பிறகு ஒரே குத்து. பிரித்தெடுத்த பிளாஸ்மாவில் சிவப்பின் சாயல்கூட இல்லை.

நவம்பரில் புது முடிவு வந்தபோது, அந்த மூன்று மைக்ரோஆர்என்ஏக்களில் இரண்டின் ஏற்றம் காணாமல் போயிருந்தது. மூன்றாவதன் ஏற்றம் நிலைத்தது, முன்பு தெரிந்த அளவுக்குப் பெரிதாக இல்லை, ஆனால் மறுபடி மறுபடி சோதித்தும் அசையவில்லை. மறு ஆண்டு வெளிவந்த கட்டுரையில் அல்போன்சம்மாளின் பெயர் நான்காவதாக வந்தது.

அடுத்த ஆய்வுக்கு ஐந்து கிளினிக்குகள் சேர்ந்தன. "நர்ஸுங்களுக்கு நீங்கதான் டிரெய்னிங் தரணும்," என்றார் ரவூப்.

"தரேன். ஆனா சிவப்பா வர்ற குழாய நான் வாங்க மாட்டேன். அவங்ககிட்ட இப்பவே சொல்லிடுங்க," என்றார் அல்போன்சம்மாள்.